இணைய வாக்குப் போட்டியில் விளம்பரச் செலவு

இணைய வாக்குப் போட்டியில் பணம் இரண்டு விதமாகச் செலவாகிறது. வாக்களிக்கக் கூடியவர்களின் கண்ணில் படுவதற்குச் செய்யும் செலவு ஒன்று. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம், குறுஞ்செய்தி, உள்ளூர் இன்ஸ்டா பக்கங்களுக்குக் கொடுக்கும் கட்டணம், கடைவாசலில் ஒட்டும் நோட்டீஸ் எல்லாம் இதில் அடக்கம். வாக்கையே விலைக்கு வாங்குவது இன்னொன்று. ஆயிரம் வாக்கு இவ்வளவு என்று பேரம் பேசி, யாருடையவை என்றே தெரியாத கணக்குகளிலிருந்து போடவைப்பது. முதலாவது விளம்பரம், இரண்டாவது மோசடி. இந்த அத்தியாயம் முதலாவதைப் பற்றியது. இரண்டாவது, அது கைக்காசுக்கும் கேடு என்பதைக் காட்டும் அளவுக்குப் பின்னால் வருகிறது.

வாக்குக்காக ஊரே காசு போட்டதற்கு இந்தியாவில் நன்கு அறியப்பட்ட உதாரணம், 2007-இல் நடந்த இந்தியன் ஐடல் மூன்றாம் பருவம். அப்போது வாக்குகள் பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸில்தான் விழுந்தன. டார்ஜிலிங்கைச் சேர்ந்த, கொல்கத்தா காவல்துறையில் பணியாற்றிய பிரசாந்த் தமாங்கும் ஷில்லாங்கைச் சேர்ந்த அமித் பாலும் இறுதிச் சுற்றில் மோதினார்கள். மலையூர்களில் ரசிகர் மன்றங்கள் நன்கொடை திரட்டி எஸ்எம்எஸ் செலவை ஏற்றன. செப்டம்பர் 23 அன்று தமாங் வென்றார். இறுதிச் சுற்றில் சுமார் 7 கோடி வாக்குகள் பதிவானதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பணம் யாரையும் மனம் மாற்றவில்லை. ‘நம்ம பையன்’ என்று ஏற்கெனவே நினைத்திருந்தவர்களின் கையில் வாக்களிக்கும் வசதியைக் கொடுத்தது, அவ்வளவுதான். விளம்பரச் செலவு பலன் தருவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான்.

2010-இல் அமெரிக்காவில் பெப்சி நிறுவனம் நடத்திய ‘பெப்சி ரிஃப்ரெஷ் திட்டம்’ மற்றொரு பாடம். அந்த ஆண்டு சூப்பர் பவுல் விளம்பரத்தைத் தவிர்த்துவிட்டு, சமூகப் பணிகளுக்கு 2 கோடி டாலர் தருவதாக நிறுவனம் அறிவித்தது. 5,000 டாலர் முதல் 2,50,000 டாலர் வரை மாதந்தோறும் சுமார் 13 லட்சம் டாலர் நிதி, இணைய வாக்கின் அடிப்படையில் பிரிக்கப்பட்டது. ஒருவர் ஒரு நாளில் பத்து யோசனைகளுக்கு வாக்களிக்கலாம். தனக்கு வாக்களித்த பிறகு மீதி ஒன்பது வாக்கு கையில் இருக்கிறதே என்று, வெவ்வேறு நிதிப் பிரிவில் போட்டியிட்ட அமைப்புகள் ஒன்றுக்கொன்று வாக்கு மாற்றிக்கொள்ளும் கூட்டணிகளை அமைத்தன. இது விதிக்கு உட்பட்ட, காசு அதிகம் கேட்காத வழி. காசு வாங்கிக்கொண்டு வாக்கு திரட்டித் தரும் இடைத்தரகர்கள் பற்றிய புகாரும் அதே போட்டியில் எழுந்து செய்தித்தாள்வரை போனது.

செலவுக்கு முன் கணக்கு

விதிமுறைப் பக்கத்தில் நான்கு விஷயங்களை முதலில் தேட வேண்டும். ஒருவருக்கு மொத்தமே ஒரு வாக்கா, நாளுக்கு ஒன்றா? வாக்களிக்க என்ன கேட்கிறார்கள்: வெறும் கிளிக்கா, மின்னஞ்சலா, கைப்பேசி எண்ணும் ஓடிபியுமா, கூகுள் கணக்கா? வாக்கு எண்ணிக்கை மட்டுமே முடிவா, அல்லது முதல் பத்துப் பேரை மட்டும் வாக்கால் தேர்ந்தெடுத்துவிட்டு நடுவர்கள் முடிவு செய்கிறார்களா? கட்டண விளம்பரம் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விதியில் பதில் இல்லையென்றால் அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு யாராவது புகார் கொடுத்தால் அந்த ஒரு மின்னஞ்சல்தான் துணை.

நடுவர் சுற்று உள்ள போட்டியில் முதல் பத்துக்குள் வந்தால் போதும். பத்தாவது இடத்துக்கும் முதலிடத்துக்கும் உள்ள வாக்கு வித்தியாசத்துக்காகச் செய்யும் செலவு வீண். இதைக் கவனிக்காமல் முதலிடத்துக்கு முட்டிமோதிச் செலவழித்துவிட்டு, நடுவர் சுற்றுக்கு நல்ல படம் எடுக்கக் காசில்லாமல் நிற்பவர்கள் உண்டு.

அடுத்தது ஒரு வாக்கின் விலை. காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒரு கடை, சிறுதொழில் போட்டி ஒன்றில் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். பரிசு ரூ. 50,000. ரூ. 3,000-க்கு ஃபேஸ்புக் விளம்பரம் போடுகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் செலவு ரூ. 3,540. ஒரு கிளிக்குக்கு ரூ. 3 ஆகிறது என்று கொண்டால் 1,000 கிளிக். அந்த ஆயிரத்தில் பக்கம் திறக்கும்வரை பொறுத்திருப்பவர்கள் 600 பேர். கைப்பேசி எண்ணைக் கொடுப்பவர்கள் 250 பேர். வந்த ஓடிபியை அடிப்பவர்கள் 180 பேர். நீண்ட பட்டியலில் கடையின் பெயரைத் தேடிப் பிடித்து வாக்குப் பொத்தானை அழுத்துபவர்கள் 150 பேர். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஆனால் சரிவு இந்த மாதிரிதான் இருக்கும். ஒரு வாக்குக்கு விலை ஏறக்குறைய ரூ. 24.

போன ஆண்டு வென்றவர் 4,000 வாக்கு வாங்கியிருக்கிறார். கடையின் வாடிக்கையாளர், உறவு, நட்பு என்று சொந்த முயற்சியில் 1,500 தேறும். மீதி 2,500 வாக்குக்கு ரூ. 24 வீதம் ரூ. 60,000 ஆகிறது. பரிசே ரூ. 50,000. அதிலும் 30 சதவீத வரிப்பிடித்தம் இருந்தால் கைக்கு வருவது ரூ. 35,000. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால், வெல்வதற்காக விளம்பரம் போடக் கூடாது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கடையின் பெயர் பத்தாயிரம் பேருக்குத் தெரிய வேண்டும் என்பது நோக்கமானால் அது வேறு கணக்கு. அப்போது போட்டி ஒரு சாக்கு மட்டுமே, அதை அப்படியே ஒப்புக்கொண்டு செலவிட வேண்டும்.

நாளுக்கு ஒரு வாக்கு அனுமதிக்கும் போட்டியில் இதே கணக்கு தலைகீழாக மாறும். வந்த 150 பேரும் சராசரியாக ஐந்து நாள் திரும்பி வந்தால் 750 வாக்கு. ஒரு வாக்கின் விலை ரூ. 5-க்குள் இறங்கும். 2,500 வாக்குக்கு ரூ. 12,000-க்கும் குறைவு. இங்கே பணத்தைப் புது ஆட்களைத் தேடுவதில் போடுவதைவிட, ஒருமுறை வந்தவருக்குத் தினமும் நினைவூட்டுவதில் போடுவதே லாபம்.

விளம்பரத்துக்கும் வாக்குக்கும் நடுவில்

மேலே கண்ட ஆயிரம் பேரில் 850 பேர் வழியிலேயே கழன்றுகொள்கிறார்கள். கிளிக் விலையை மூன்றிலிருந்து இரண்டரையாகக் குறைக்கப் பாடுபடுவதைவிட, கழன்றுகொள்பவர்களில் இன்னும் 150 பேரைத் தக்கவைத்தால் வாக்கின் விலை பாதியாகிவிடும். எனவே ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், போட்டியாளர் தானே முன்பின் தெரியாத ஒருவர்போல் வாக்களித்துப் பார்க்க வேண்டும். அதுவும் அலுவலகக் கணினியில் கூடாது. மூன்று நான்கு வருடம் பழகிய, நினைவகம் நிரம்பிய ஆண்ட்ராய்டு கைப்பேசியில், ஃபேஸ்புக் செயலியிலிருந்தே லிங்க்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால்தான் தெரியவரும் ஒரு தடை உண்டு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தொட்ட லிங்க், கைப்பேசியின் குரோமில் திறப்பதில்லை. செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு உலாவியில் திறக்கிறது. வாக்களிக்கக் கூகுள் கணக்கு கேட்கும் போட்டியாக இருந்தால், அந்தச் செயலி உலாவிக்குள் நுழைவுக்குக் கூகுள் பாதுகாப்பு கருதி அனுமதி தருவதில்லை. ‘கூகுள் மூலம் நுழைக’ பொத்தானைத் தொட்டதும் 403 என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி மட்டும் வரும். வாக்களிக்க வந்தவருக்கு அது என்னவென்று புரியாது. போட்டியே போலி என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். விளம்பரக் கணக்கிலோ கிளிக்குக்குக் காசு கழிந்திருக்கும், வாக்கு மட்டும் ஏறியிருக்காது. இதற்கு வழி, மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘குரோமில் திற’ என்பதைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் படமாக விளம்பரத்திலேயே காட்டுவது. இல்லையென்றால் விளம்பரத்தை வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி அமைத்து, அங்கே லிங்க்கை அனுப்புவது. வாட்ஸ்அப்பில் தொட்ட லிங்க் கைப்பேசியின் வழக்கமான உலாவியில் திறக்கும்.

இரண்டாவது தடை சந்தேகம். ‘என் தோழியின் மகள் போட்டியில் இருக்கிறாள், இந்த லிங்க்கில் ஓட்டுப் போடுங்கள்’ என்று செய்தி அனுப்பி, எண்ணையும் குறியீட்டையும் வாங்கி வாட்ஸ்அப் கணக்கையே கைப்பற்றும் மோசடி பரவலாக நடக்கிறது. அதில் ஒருமுறை சூடுபட்டவர் எந்த வாக்கு லிங்க்கையும் தொடமாட்டார். அது நியாயமான பயம். அந்தப் பயத்தை மதித்துத்தான் வேண்டுகோளை அமைக்க வேண்டும். சுருக்கிய லிங்க் கூடாது, அமைப்பாளரின் முழு முகவரி தெரிய வேண்டும். ஓடிபியைப் போட்டிப் பக்கத்தில் மட்டுமே அடிக்க வேண்டும், யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தெரிந்தவர்களுக்கு எழுத்தில் அனுப்புவதைவிடச் சொந்தக் குரலில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இருபது விநாடி ஆடியோ அனுப்புவது சிறந்தது. குரல் தெரிந்தால் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

பட்டியலில் பெயரைத் தேட வைப்பது மூன்றாவது தடை. பல போட்டித் தளங்களில் ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் தனிப்பக்கம் இருக்கும். அந்தத் தனிப்பக்கத்தின் முகவரியை விட்டுவிட்டு முகப்புப் பக்கத்தை விளம்பரம் செய்தால், போட்டியாளரின் காசில் எதிராளிகளுக்கும் வாக்கு விழும்.

ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும்

சின்னச் செலவில் தொடங்க இந்த இரண்டும் ஏற்ற இடம். ஆனால் பதிவுக்குக் கீழே தெரியும் ‘பூஸ்ட்’ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பது சரியான வழி அன்று. அது பெரும்பாலும் லைக்கும் கமென்ட்டும் போடும் பழக்கமுள்ளவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும். அவர்கள் வெளித்தளத்துக்குப் போய் ஓடிபி அடிப்பவர்கள் என்று சொல்ல முடியாது. விளம்பர மேலாளர் பக்கத்தில், நோக்கத்தை ‘டிராஃபிக்’ என்று வைத்துத் தனி விளம்பரமாக அமைக்க வேண்டும். அதிலும் கிளிக்கை எண்ணுவதைவிட, பக்கம் முழுதாகத் திறந்ததை எண்ணச் சொல்வது மேல். அதற்கு, விளம்பரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கத்தில், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பிக்சல் என்ற குறிநிரல் இருக்க வேண்டும். அமைப்பாளரின் தளத்தில் போட்டியாளர் அதை வைக்க முடியாது. அதனால் நடுவில் சொந்தமாக ஒரு பக்கம் அமைத்து, வாக்களிக்கும் முறையைத் தமிழில் படத்தோடு காட்டி, பெரிய பொத்தான் ஒன்றை வைக்கலாம். ஒரு படி கூடுகிறது என்பது உண்மை. வாக்களிக்கும் முறை சிக்கலாக இருந்தால் அந்தப் படி காசுக்குத் தகும். ஒரே கிளிக்கில் முடியும் போட்டியானால் தேவையில்லை.

லைக்கையே வாக்காக எண்ணும் போட்டிகளில் விஷயம் வேறு. படம் போட்டியாளரின் சொந்தப் பக்கத்தில் இருந்தால் அதை விளம்பரப்படுத்தலாம். அமைப்பாளரின் பக்கத்தில் இருந்தால் அவர்கள் அனுமதி இல்லாமல் அந்தப் பதிவை விளம்பரப்படுத்த வழியில்லை. தன் பக்கத்தில் தனிப் பதிவு போட்டு அங்கே வழிகாட்ட வேண்டியதுதான். ‘லைக் போடுங்க, ஷேர் பண்ணுங்க, நாலு பேரை டேக் பண்ணுங்க’ என்று கெஞ்சும் பதிவுகளின் பரவலைக் குறைப்பதாக 2017 டிசம்பரில் ஃபேஸ்புக் அறிவித்தது. பக்கத்துக்கு லைக் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்னும் முறைக்கு 2014 நவம்பரிலிருந்தே தடை. சொந்த டைம்லைனில் ஷேர் செய்வதைப் போட்டியின் நிபந்தனையாக வைக்கவும் கூடாது. ஒரு போட்டி இவற்றைக் கேட்கிறது என்றால், அது பாதியில் முடக்கப்படும் வாய்ப்பையும் கணக்கில் வைத்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

யாருக்குக் காட்டுவது என்பதில் தாராளம் வேண்டாம். கடந்த ஓராண்டில் பக்கத்தோடு தொடர்பு கொண்டவர்களை ஒரு பட்டியலாக ஃபேஸ்புக்கே எடுத்துத் தரும். முதல் பணம் அவர்களுக்கே. அவர்களைப் போன்ற புதியவர்களைத் தேடச் சொல்லும் வசதிக்கு, மூலப் பட்டியலில் ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது இருக்க வேண்டும். ஓடிபி இந்திய எண்களுக்கு மட்டும்தான் போகும் என்றால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாத் தமிழர்களுக்கு விளம்பரம் காட்டுவது அவர்களுக்கும் ஏமாற்றம், போட்டியாளருக்கும் நஷ்டம். எண் தடை இல்லாத போட்டியில் அவர்கள்தான் ஊரை விட்டுக்கொடுக்காத வாக்காளர்கள்.

சிறு தொகையைப் பல விளம்பரங்களாகச் சிதறடிப்பது பரவலான தவறு. ஒரு விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டினால் பலன் என்று கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 முறை பலன் கிடைத்தாக வேண்டும் என்கிறது மெட்டா. நாளுக்கு 300 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் எதுவுமே கற்றுக்கொள்ளாது. இரண்டு வேறு படங்களை மூன்று நாள் ஓடவிட்டு, தேறியதை மட்டும் தொடர்வது போதும். படத்தில் பொருளைவிட ஆள் இருப்பது நல்லது. செக்கில் எள் போடும் கையும் அந்தக் கைக்குரியவரின் முகமும், பாட்டில் வரிசையைவிட அதிகம் பேசும்.

விளம்பரம் வெளியாகும் முன் மெட்டாவின் சோதனை உண்டு. பொதுவாக 24 மணி நேரத்துக்குள் முடியும். ‘வாக்களியுங்கள்’ என்ற சொல்லைப் பார்த்து அரசியல் விளம்பரம் என்று தானியங்கிச் சோதனை தவறாக நினைத்துவிடவும் கூடும். இந்தியாவில் அரசியல், சமூகப் பிரச்சினை விளம்பரங்களுக்குத் தனி அடையாளச் சரிபார்ப்பு தேவை என்பதால் விளம்பரம் நின்றுபோகும். மறுபரிசீலனை கேட்டால் சரியாகலாம், ஆனால் நாள் போகும். முதல் வரியிலேயே போட்டியின் பெயரையும் தொழிலையும் சொல்லிவிடுவது பாதுகாப்பு. புதிதாகத் தொடங்கிய விளம்பரக் கணக்கில் நாள் செலவுக்கு உச்சவரம்பும் இருக்கும். எனவே கணக்கைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிச் சிறு தொகைக்கு ஓட்டிப் பழக வேண்டும்.

குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், கடைவாசல்

வணிகக் குறுஞ்செய்தியை நினைத்தவுடன் அனுப்ப முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிகளின்படி அனுப்புபவர், அனுப்பும் பெயர், செய்தியின் வாசகம் மூன்றையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து செய்தியில் வரும் லிங்க்கும் முன்கூட்டியே பதிந்ததாக இருக்க வேண்டும். ஒரு வாரப் போட்டிக்காக இதில் இறங்குவது வீண் அலைச்சல். ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் கடைக்கு மட்டும் பயன்படும்.

அப்படிப் பதிவு உள்ள கடைக்காரரும் எழுத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து இடம். தமிழில் 70 மட்டுமே. அதுவும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துக் கணக்கு அன்று. ‘வாக்களியுங்கள்’ என்பது பார்வைக்கு எட்டு எழுத்து. புள்ளியும் காலும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 14 இடத்தைத் தின்றுவிடும். எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகி, துண்டுக்கு 67 இடம் என்றாகி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு. லிங்க்கே முப்பது இடம் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது இரண்டு மூன்று சொல்தான். பெயர், போட்டி, கடைசித் தேதி போதும். வாழ்த்தும் வணக்கமும் இங்கே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம். ஆனால் அனுப்புபவரின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். வந்த செய்தி ஒன்றை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது. பல கை மாறி வந்த செய்தியானால் ஒரு இடத்துக்குத்தான். ஆகவே ‘எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணுங்க’ என்பதில் பெரிய பலன் இல்லை. தெருவுக்கு ஒருவர், குடும்ப குரூப்புக்கு ஒருவர் என்று இருபது பேரைப் பொறுப்பாக்கி, ஒவ்வொருவரும் தம் சொற்களில் புதிதாக எழுதி அனுப்புவது நடைமுறையில் நிற்கும்.

உள்ளூர் மீம் பக்கங்களும் ‘நம்ம ஊர்’ என்று பெயர் வைத்த இன்ஸ்டா பக்கங்களும் ஒரு பதிவுக்கு, ஒரு ஸ்டோரிக்கு என்று காசு வாங்குகின்றன. பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாமல், கடைசி பத்துப் பதிவுகளின் கமென்ட்டைப் படிக்க வேண்டும். அதே ஊர்க்காரர்கள் பேசிக்கொள்கிறார்களா, வெறும் நெருப்புப் படமும் இதயமும்தானா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காசு கொடுத்துப் போடும் பதிவில் ‘விளம்பரம்’ என்ற அடையாளம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதலும், நடுவண் நுகர்வோர் துறை 2023-இல் வெளியிட்டதும் சொல்கின்றன. பக்கத்துக்காரர் வேண்டாம் என்றாலும் போட்டியாளர் அதை வற்புறுத்த வேண்டும். வாக்குக் கேட்பவர் வெளிப்படையாக இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடைவாசல் க்யூஆர் அட்டைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். வாடிக்கையாளர் எண்ணெய் அளக்கும்வரை நின்றுகொண்டிருக்கிறார், கையில் கைப்பேசி இருக்கிறது. ஆனால் கல்லாவுக்கு அருகில், பணம் செலுத்தும் க்யூஆருக்குப் பக்கத்தில் அட்டையை வைத்தால் குழப்பம். பணச் செயலியில் ஸ்கேன் செய்வார், திறக்காது, விட்டுவிடுவார். அட்டையைத் தள்ளி வைத்து, ‘இது பணத்துக்கு இல்லை, வாக்களிக்க மட்டும், கேமராவில் காட்டுங்கள்’ என்று பெரிதாக அச்சிட வேண்டும். கடையில் இருக்கும் ஒருவர் அந்த ஒரு நிமிடம் கூட நின்று ஓடிபிவரை வழிகாட்டினால், மேலே கணக்குப் போட்ட 24 ரூபாய் வாக்கு அச்சுக் கூலிக்கே கிடைத்துவிடுகிறது.

வாக்களித்தவருக்கு எண்ணெய் பாட்டில், குலுக்கலில் தங்கக் காசு என்பதெல்லாம் வேண்டாம். பல போட்டிகளின் விதியே அதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்கும்போது, குலுக்கல் என்ற பெயரில் எதை நடத்தினாலும் வம்பு தேடி வரும்.

விலைக்கு வரும் வாக்கு

போட்டி சூடுபிடித்ததும், ஆயிரம் வாக்குக்கு இவ்வளவு என்று யாராவது செய்தி அனுப்புவார். அவரிடம் இருப்பவை நிரல் ஓட்டும் போலிக் கணக்குகள் அல்லது வரிசையாக அடுக்கிய கைப்பேசிகளில் சொற்பக் கூலிக்குத் தட்டுபவர்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு நிமிடத்துக்கு நாற்பது வாக்கு என்று சீராக ஏறும் வரைபடம், ஒரே இணைய முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான நுழைவுகள், அன்றுதான் தொடங்கிய கணக்குகள் ஆகியவை அமைப்பாளரின் பதிவேட்டில் அப்படியே தெரியும். உண்மையான வாக்கு அப்படி ஏறாது. காலையில் கொஞ்சம், மதியச் சாப்பாட்டு வேளையில் கொஞ்சம், இரவு ஒன்பதுக்கு மேல் நிறைய என்று ஏறி இறங்கும். கண்டுபிடித்தால் போலி வாக்கோடு போவதில்லை. போட்டியாளரையே நீக்குவார்கள், நேர்மையாக வாக்களித்த ஆயிரத்தைந்நூறு பேரின் வாக்கும் அதோடு போகும். விற்றவரிடம் காசைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. போலி லைக் விற்பவர்களையும் தளங்கள் சும்மா விடுவதில்லை. 2019-இல் நியூசிலாந்து நிறுவனம் ஒன்றின் மீது ஃபேஸ்புக் வழக்கே தொடுத்தது.

எதிராளி போலி வாக்கு வாங்குவதாகத் தெரிந்தால் பதிலுக்கு வாங்குவது அறிவீனம். நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அரை மணிக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்து, அமைப்பாளருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். பொதுவெளியில் குற்றம் சாட்டினால் சண்டைதான் பரவும்.

அமைப்பாளரே காசு கேட்கும் போட்டிகளும் உண்டு. நுழைவுக் கட்டணம், சின்னத்தைப் பயன்படுத்தக் கட்டணம், விழாவில் மேசைக்குக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். ஏழு இயற்கை அதிசயங்களுக்கான உலக வாக்கெடுப்பிலிருந்து 2011-இல் மாலத்தீவு அரசு விலகியதற்குச் சொன்ன காரணமே, எதிர்பாராத பெருந்தொகைகளைக் கேட்கிறார்கள் என்பதுதான். ஒரு நாட்டின் கஜானாவுக்கே கட்டாத கணக்கு, ஒரு செக்குக் கடைக்குக் கட்டுமா என்று விதிமுறையின் கடைசிப் பக்கம்வரை படித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கடைசி மூன்று நாள்

ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் போட்டியில் மொத்தச் செலவில் பாதியையாவது கடைசி மூன்று நாளுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. இன்னும் இவ்வளவு வாக்குதான் குறைகிறது, ஞாயிறு இரவோடு முடிகிறது என்று சொல்ல ஒரு செய்தி கிடைப்பது அப்போதுதான். நடுவில் அமைத்த சொந்தப் பக்கத்துக்கு வந்தும் வாக்களிக்கும் பொத்தானைத் தொடாமல் போனவர்களுக்கு, அங்குள்ள பிக்சல் மூலம் மறுபடி காட்டலாம். புதிய படத்தையும் வாசகத்தையும் இரண்டு நாள் முன்பே சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கி நிறுத்தி வைக்க வேண்டும். கடைசி இரவு அனுப்பினால் ஒப்புதல் வரும்போது போட்டி முடிந்திருக்கும். விளம்பரக் கணக்கில் முன்பணம் போட்டு வைப்பதும் அவசியம். பணம் தீர்ந்து விளம்பரம் நின்றுபோனால், யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முடிவு நேரம் குறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிக்காவிட்டால் போட்டி முடிந்த பிறகும் மூடிய பக்கத்துக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டு காசைக் கழித்துக்கொண்டே இருக்கும். முடிந்த மறுநாள் மெட்டாவின் ரசீதுகளைப் பதிவிறக்கி வைக்க வேண்டும். வழக்கமான ஜிஎஸ்டி பதிவுள்ள கடை, தன் ஜிஎஸ்டி எண்ணை விளம்பரக் கணக்கில் சேர்த்திருந்தால், கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழிக்கலாம். முடிவு அறிவிக்கும் முன் வாக்குச் சரிபார்ப்புக்காக அமைப்பாளர்கள் சில நாள் எடுத்துக்கொள்வார்கள். அந்த நாட்களில் ‘உங்கள் வாக்கு 14-ஆம் தேதி மட்டும் ஏன் இப்படி உயர்ந்தது’ என்று கேட்டு மின்னஞ்சல் வந்தால், அன்றைய விளம்பர அறிக்கை, மீம் பக்கத்துக்குக் கொடுத்த காசின் ரசீது, கட்டண விளம்பரத்துக்கு முதலில் வாங்கி வைத்த அனுமதிக் கடிதம் மூன்றையும் இணைத்து அன்றே பதில் அனுப்ப வேண்டும்.